நின்ற புட்டியும் கிடந்த புட்டியும்
பம்பாய் மதுவிலக்கு வரலாற்றில் ஓர் ஏடு

மதுவை ஒழிப்பதா, வைத்திருப்பதா என்று குடிமக்களையே கேட்டு, அவர்கள் இட்ட வாக்கின்படி ஒழுகிய நாடுகள் உலகில் சில உண்டு. நாம் பிழைப்பை நாடி வந்து, மூன்று நான்கு தலைமுறையாக வேரூன்றி வாழும் இம்மாநகரமோ, பாரத நாட்டிலேயே மிகக் கடுமையான மதுவிலக்குச் சட்டங்களுள் ஒன்றைக் கண்டது. அச்சட்டம் பிறந்தபோதும், தளர்ந்தபோதும், பெயருக்கு மட்டும் நின்றபோதும் மாகாணம் முழுவதையும் கூட்டி "உங்கள் விருப்பம் யாது?" என்று எவரும் வாக்குச் சீட்டு நீட்டியதில்லை. இதனை நம் சங்கத்து இளைஞர் பலர் அறியார். மாதுங்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு "பெர்மிட் ரூம்" என்னும் பெயர்ப்பலகை நாள்தோறும் கண்ணிற் படும். அந்தப் பெர்மிட் எதற்கு, யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே இவ்வாண்டு மலரில் அக்கதையைச் சற்று விரிவாகவே சொல்ல எண்ணினோம்.

நம் தமிழகத்தார்க்கு மதுவிலக்கு புதிய பொருளன்று. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அதற்கு முற்பட்ட புலவரோ கள்ளை மன்னனோடு பகிர்ந்துண்டதைப் பெருமையாகவே பாடினர். இரண்டும் நம் முதுசொத்தே. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் மேடையில் காட்டுவது நேர்மையாகாது. அண்மைக் காலத்திற்கு வந்தால், 1921-ஆம் ஆண்டுக் கள்ளுக்கடை மறியலின்போது ஈரோட்டில் பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டி வீழ்த்தியதும், அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றதும் யாவரும் அறிந்தவை. திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 1929-இல் 'விமோசனம்' என்றொரு பத்திரிகையையே மதுவிலக்குக்கென நடத்தினார். கல்கி அவருக்குத் துணை நின்றார். பின்னர் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்டவே 1939-இல் சென்னையில் விற்பனை வரி விதிக்கப்பட்டது. கடைக்குச் சென்று எதை வாங்கினும் வரி செலுத்தும் வழக்கம் நம் நாட்டில் கால்கொண்ட கதையில், கள்ளுக்கடை மூடிய கதையும் கலந்தே கிடக்கிறது.

இனிப் பம்பாய்க்கு வருவோம். (1995-க்கு முற்பட்ட காலத்தைச் சொல்லுமிடத்தெல்லாம் பழம்பெயரையே ஆளுகிறோம்.) 1937-இல் இங்கு அமைந்த காங்கிரஸ் அமைச்சரவைக்குத் திரு. பி. ஜி. கேர் தலைவர். மதுவிலக்குத் துறை டாக்டர் கில்டரிடம் இருந்தது. அவர் பெயர் பெற்ற இருதய மருத்துவர், பார்சி சமூகத்தவர். இது குறிக்கத்தக்கது. ஏனெனில் பம்பாயில் மதுக்கடைகளும் கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் பார்சிகள் கையில் இருந்தன. தென்னையும் ஈச்சமரமும் ஏறிக் கள்ளிறக்கியவர் பண்டாரி வகுப்பினர். தம் சமூகத்தாரின் வாணிபத்தையே மூடும் சட்டத்திற்கு ஒரு பார்சி மருத்துவர் பொறுப்பேற்க நேர்ந்தது. சொந்தக்காரர் சினந்தும் அவர் பின்வாங்கினாரில்லை.

1938-இல் ஆமதாபாத்தில் தொடங்கி, 1939 ஆகஸ்டு முதல் நாள் பம்பாய் நகரத்திலேயே மதுவிலக்கு வந்தது. இங்கும் கஜானாவில் விழுந்த பள்ளத்தை மூட ஒரு வரி வேண்டியிருந்தது. நகரத்து வீடு, கட்டடங்களின் வாடகை மதிப்பில் நூற்றுக்குப் பத்து வீதம் சொத்துவரி போட்டார்கள். குடிக்காதவனும் வரி கட்ட வேண்டுமா என்று வீட்டுக்காரர்கள் குமுறினர். குடிப்பவன் குடித்தே அரசாங்கத்தைத் தாங்க வேண்டுமா என்று மறுதரப்பு கேட்டது. இவ்வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அன்றோ அது விரைவில் ஓய்ந்துபோயிற்று. உலக யுத்தம் மூண்டு, 1939 நவம்பரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்த ஆண்டே சட்டத்தின் சில பகுதிகள் உயர்நீதிமன்றத்தில் அடிபட்டன. கடைகள் மீண்டும் திறந்தன.

இந்த முதல் முயற்சியில் மக்களின் வாக்கு எங்கே இருந்தது என்று பார்ப்போம். 1937-இலும், பின் 1946-இலும் நடந்த மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதன்று. சொத்தோ, வரியோ, படிப்போ இருந்தாற்றான் பட்டியலில் பெயர் ஏறும். பரேல் ஆலைத் தொழிலாளியும், தாராவித் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனும், அவன் கூலியை எதிர்பார்த்து வாசலில் நின்ற அவன் மனைவியும் பெரும்பாலும் அப்பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள். மதுவிலக்கு அவர்களுக்காகவே கொண்டுவரப்படுவதாகச் சொல்லப்பட்டது. அவர்களைக் கேட்கத்தான் வழியில்லை. இதனால் அச்சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கம் பழுதென்று நாம் கூறவில்லை. 1930-இல் காந்தியடிகள் சொற்படி பம்பாய்ப் பெண்கள் மதுக்கடை வாயில்களில் மறியல் செய்து நின்றதை எவரும் மறுக்கவியலாது. வாக்குரிமை இல்லாதோர் தம் விருப்பைக் கால் கடுக்க நின்று காட்டினர் என்றே அதனைக் கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் இரண்டாம் முயற்சி முழு வேகத்தோடு எழுந்தது. அதன் உயிர்நாடி உள்துறையை ஏற்றிருந்த திரு. மொரார்ஜி தேசாய். ஆண்டுக்காண்டு இறுக்கிக்கொண்டே வந்து, 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, 1950 ஏப்ரல் 6-ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்று அறிவித்தார்கள். அந்நாள் 1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பு நாளாகவும், 1930-இல் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த நாளாகவும் விளங்கியது. தேர்ந்தெடுத்த நாளிலேயே அவர்தம் உள்ளம் புலப்படும். சென்னை மாகாணம் முழுவதும் ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ஆம் நாளே மதுவிலக்குக்கு உட்பட்டுவிட்டது. ஆகவே திருநெல்வேலியில் இரயிலேறிய நம்மவர் ஒரு மதுவிலக்கிலிருந்து மற்றொரு மதுவிலக்கில் வந்து இறங்கினர்.

இதற்கிடையே அரசியல் நிர்ணய சபை கூடி, போதைப் பொருள்களை விலக்க அரசு முயல வேண்டும் என்ற நெறியை அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவில் சேர்த்தது. 1948 நவம்பரில் நடந்த அவ்விவாதத்தில் ஜெய்பால் சிங் என்னும் பழங்குடித் தலைவர் எழுந்து, எம் மக்களின் வழிபாட்டிலும் விழாவிலும் கலந்த அரிசி மதுவை எங்களைக் கேளாமல் எவ்வாறு விலக்குவீர்கள் என்ற கருத்துப்பட வாதாடினார். அவர் குரல் அன்று எடுபடவில்லை. எனினும் யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்ற வினாவை அச்சபையில் ஒருவரேனும் எழுப்பினார் என்பது ஆறுதல்.

சட்டம் வந்ததும் நீதிமன்றப் படி ஏறினார் பால்சரா என்னும் பம்பாய்க் குடிமகன். விஸ்கி, பிராந்தி, பீர் மட்டுமன்றி, ஓடிகொலோன், லாவெண்டர் நீர், மருந்துக் கஷாயங்கள் முதலியவற்றையும் வைத்திருக்கும் உரிமை தமக்கு வேண்டும் என்றார். உயர்நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் சென்ற அவ்வழக்கில் 1951 மே 25-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் பெரும்பகுதி செல்லும். மதுசாரம் கலந்த மருந்தையும் வாசனைப் பொருளையும் தடுக்கும் பகுதி செல்லாது. மதுவைப் புகழ்ந்து பேசுவதையே குற்றமாக்கிய பகுதியும் செல்லாது. படைவீரர்க்கான விலக்கும் செல்லும் என்றே தீர்ப்பு. புகழ்ந்து பேசினாலே குற்றம் என்று எழுதும் அளவுக்குச் சட்டம் போயிருந்தது என்பதை எண்ணினால், பழம் புலவர் சிலர் இங்கு வாழ்ந்திருப்பின் என்ன ஆயிருப்பார்களோ!

வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் 1951-52-இல் நடந்தது. பம்பாயில் காங்கிரஸ் வென்றது. ஆனால் மதுவிலக்கின் தளகர்த்தரான மொரார்ஜி தேசாய் தம் தொகுதியில் 19 வாக்குகளில் தோற்றார். பின்னர் இடைத்தேர்தல் வழி வந்தே முதலமைச்சர் பதவியில் நிலைத்தார். இதைக் கொண்டு மக்கள் மதுவிலக்கை ஏற்றனர் என்பதா, மறுத்தனர் என்பதா? இரண்டும் சொல்லலாம், ஆகவே இரண்டும் சொல்லக்கூடாது. பொதுத்தேர்தலில் நிலம், மொழி, விலைவாசி, சாதி, ஆளின் முகம் எல்லாம் ஒரே பெட்டியில் விழுகின்றன. மதுவைப் பற்றிய வாக்கை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

சட்டம் நடந்த விதம் நம் குடியிருப்புகளை நேரே தொட்டது. வசதி படைத்தவர்க்கு உடல்நலப் பெர்மிட் உண்டு; மருத்துவரிடம் சான்று பெற்று, மாதத்துக்கு இவ்வளவு என்று அளவாக வாங்கிக்கொள்ளலாம். அயல்நாட்டார்க்குத் தனிப் பெர்மிட். ஏழைக்கோ இவையொன்றும் எட்டா. அவனுக்கு எட்டியது கள்ளச்சாராயம்.

தாராவியை அன்று கண்டவர் இன்றுள்ளதைக் கொண்டு அதனை மதிப்பிடமாட்டார். மாஹிம் கழியின் சதுப்பும் அலையாத்திப் புதரும் குடிசைகள்வரை பரவியிருந்தன. வெல்லத்தோடு நவச்சாரமும் அழுகிய பழமும் சேர்த்து ஊறவைத்த ஊறலைப் பீப்பாயில் அடைத்துச் சேற்றில் புதைத்துவிட்டால் காவலர் கண்ணில் எளிதில் படாது. ஊறல் புளித்தெழும் நாற்றத்தைத் தோல் பதனிடும் கிடங்குகளின் நாற்றம் விழுங்கிவிடும். இரவில் காய்ச்சி, மோட்டார் வண்டியின் இரப்பர்க் குழாய்களில் நிரப்பி நகரத்துக்குள் அனுப்புவார்கள். நகரத்தின் பல மூலைகளில், குறிப்பாகக் கோவாக் கிறித்தவப் பெண்கள் நடத்திய சிறு வீட்டுக்கடைகள் "ஆன்ட்டி" வீடுகள் என்றே பெயர் பெற்றன. கணவனை இழந்து, வேறு தொழில் அறியாத பெண்ணுக்கு இத்தொழில் சோறு போட்டது. அடுத்த சந்தில் மற்றொரு பெண்ணின் சோற்றை இதே தொழில் பறித்தது. தாய்மாரைக் காக்க வந்த சட்டம் தாய்மாரையே இரு கூறாக்கிய விந்தையை எந்த அறிக்கையிலும் நாம் முழுமையாகக் காணவில்லை.

இத்தொழில் பெருத்த வணிகமானபோது அதற்குத் தலைவர்களும் தோன்றினர். வரதராஜ முதலியார் பெயரை மறைத்துவிட்டு இவ்வரலாற்றை எழுதவியலாது. தாராவி, கோலிவாடா, மாதுங்காப் பகுதிகளில் 1960-களிலிருந்து அவர் கை ஓங்கியது கள்ளச்சாராயத்தாலேயே என்பது ஊரறிந்தது. மாதுங்கா இரயில் நிலையத்தருகே அவர் எடுத்த கணபதி விழாவையும், வேலையற்று வந்திறங்கிய தமிழர்க்கு அவர் செய்த உதவியையும் இன்னமும் சொல்லிச் சிலிர்ப்பவர் உண்டு. 1988-இல் அவர் மறைந்தார். அதற்கு முன்னரே திரைப்படமும் வந்துவிட்டது. உதவியைப் பெற்ற வீடுகளைப் பற்றிப் பேசுவோர், அச்சாராயத்தால் இருண்ட வீடுகளைப் பற்றியும் பேசுதல் முறை. "மதராஸி" என்றாலே சாராயக்காரன் என்று நகரத்தார் எண்ணிய ஒரு காலம் இருந்தது. எழுத்தராகவும் ஆசிரியராகவும் நர்ஸாகவும் உழைத்த ஆயிரமாயிரம் நம்மவர் அப்பெயரின் சுமையைச் சுமந்தனர்.

மதுவிலக்கின் நிலையை ஆராயத் திட்டக் கமிஷன் அமைத்த தேக்சந்த் குழு 1964-இல் அறிக்கை தந்தது. மதுவிலக்கைக் கைவிடலாகாது என்பதே அதன் சார்பு. மகாராஷ்டிரமோ அதே காலத்தில் வசந்தராவ் நாயக் ஆட்சியில் பிடியைத் தளர்த்தத் தொடங்கி, 1970-களின் முற்பகுதியில் ஏறக்குறைய முற்றும் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் திரும்பி வந்து, மீண்டும் போயிற்று. 2003-இல் அங்கே சில்லறை விற்பனையையே அரசு நிறுவனமான டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. குஜராத் மட்டும் 1960-இல் பம்பாயிலிருந்து பிரிந்தபோது கொண்டுசென்ற சட்டத்தை இன்றளவும் விடவில்லை. இம்மூன்றிலும் மக்களிடம் தனி வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. வினோதம் என்னவெனில், மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்கப்படவேயில்லை. பெயரில் மகாராஷ்டிரம் ஏறியதன்றிச் சட்டம் அதுவே. குடிப்பவன் சட்டப்படி பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பெர்மிட் ரூம் என்ற பெயர் இதனாலேயே நிலைத்தது.

கடைகள் திறந்தபின் கள்ளச்சாராயம் மறைந்திருக்க வேண்டுமன்றோ? மறையவில்லை. 2004 டிசம்பரில் விக்ரோலியில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சரக்கு அதில் கலந்திருந்தது. அது உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்; பார்வை போனபின் உயிரும் போகும். மாண்டவர் தினக்கூலிகள். உரிமம் பெற்ற கடையின் விலை அவர்கட்கு எட்டவில்லை. மதுவிலக்கு இருந்தபோதும் இல்லாதபோதும் நஞ்சு ஒரே தெருவைத்தான் தேடி வருகிறது என்பதை இரு தரப்பாரும் தம் வசதிக்கேற்ப மறந்துவிடுகின்றனர்.

உலகில் வாக்கெடுப்பு நடந்த இடங்களைப் பார்த்தால் சுவையான செய்திகள் கிட்டும். சுவீடனில் 1922 ஆகஸ்டு 27-இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. விலக்கு வேண்டும் என்றோர் நூற்றுக்கு 49, வேண்டாம் என்றோர் 51. ஆண் பெண் வாக்குகளைத் தனித்தனியே எண்ணினார்கள். பெண்களில் பெரும்பாலோர் விலக்கையே கேட்டிருந்தனர். ஆண்கள் வாக்கே அதனை வீழ்த்தியது. நியூசிலாந்தில் 1919 ஏப்ரலில் உள்நாட்டில் விலக்குக்கே பெரும்பான்மை. கடல் கடந்து நின்ற படைவீரர் சீட்டுகள் வந்து சேர்ந்தன. அவர்களுள் ஐவரில் நால்வர் மறுத்திருந்தமையால் முடிவு மாறிற்று. ஊரில் இல்லாதவன் வாக்கு ஊரின் விதியை மாற்றியது. நார்வே 1919-இல் ஆம் என்று சொல்லி, 1926-இல் இல்லை என்று சொன்னது. பின்லாந்து 1931 முடிவில் வாக்கெடுத்து, நூற்றுக்கு எழுபதளவில் விலக்கை நீக்கச் சொன்னது. கேட்டால் மக்கள் மாற்றியும் சொல்வார்கள். கேட்காமலிருப்பதற்கு அது காரணமாகாது என்பதே நம் கருத்து.

மகாராஷ்டிரத்திலும் ஒரு சிறு கதவு பின்னாளில் திறந்தது. மாநிலம் அளவினதன்று, ஊரளவினது. கிராமத்திலோ நகர வார்டிலோ பெண் வாக்காளரில் காற்பங்கினர் கையொப்பமிட்டு மதுக்கடையை மூடக் கோரினால், கையொப்பங்களைச் சரிபார்த்து இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2008 மார்ச்சு ஆணை வகுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் வாக்களிக்க வேண்டுமே! ஆகவே சீட்டில் இரண்டு படங்கள் மட்டும். ஒன்றில் புட்டி நிமிர்ந்து நிற்கும்: மராத்தியில் "உபி பாட்லி", கடை இருக்கட்டும் என்பது பொருள். மற்றதில் புட்டி படுத்துக் கிடக்கும்: "ஆட்வி பாட்லி"; கடை மூடப்படட்டும். எத்தனையோ சிற்றூர்களில் பெண்கள் வயல்வேலையை விட்டு வரிசையில் நின்று புட்டியைப் படுக்க வைத்தார்கள். விதர்ப்பத்தில் இவ்வுணர்வு இன்னும் முந்தியது. கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் முன்னின்ற இயக்கத்தால் 1993 முதல் மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு. அண்டை மாவட்டமான சந்திரபூரில் பெண்கள் நெடுநடை நடந்து கேட்டனர். 2015 ஏப்ரலில் விலக்கு வந்தது. 2021 மே மாதம் அமைச்சரவை கூடி அதனை நீக்கியது. கள்ளச்சரக்கும் குற்ற வழக்குகளும் பெருகியதைக் காரணம் காட்டினர். அக்காரணம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், அதற்கெனச் சந்திரபூர்ப் பெண்கள் கையில் இரண்டு படமுள்ள சீட்டு எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஊரளவு வாக்கெடுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் செம்பூர், தாராவிக் குடும்பங்கள் அதனைக் கருத வேண்டும். வந்து வாக்களித்தோரில் பாதி போதாது. பட்டியலில் உள்ளோரில் பாதிக்குமேல் புட்டியைப் படுக்க வைக்க வேண்டும். வராத பெண்ணின் வாக்கு நின்ற புட்டிக்கே சேர்ந்த கணக்கு. வீட்டு வேலைக்குப் பகலெல்லாம் போய்விடும் பெண்கள் நிறைந்த வார்டில் இது எளிய நிபந்தனையன்று. இன்னொன்றும் உண்டு. முப்பதாண்டு இங்கிருந்தும் வாக்குரிமையைத் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ வைத்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் இரயிலேறும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஊர்ப்பற்று நல்லதே. ஆனால் தெருமுனைக் கடையைப் பற்றிய சீட்டு வரும் நாளில், இங்குப் பட்டியலில் பெயரில்லாத தாய்க்குக் கையொப்பமிடும் காற்பங்கிலும் இடமில்லை, எண்ணப்படும் பாதியிலும் இடமில்லை.